படிக்காமல் வைக்கும் கைநாட்டு

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



செல்போனில் நம்ம அந்தரங்கத்தைக் காப்பாத்திக்கிறது எப்படி என்று பேசச் சொல்லி இருக்கிறார்கள். அதுக்கு முன்னாடி ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன்.

நாம குழு ஆரம்பிச்ச புதுசுல நம்மில் பாதிப் பேருக்கு மேல் கைநாட்டுதான். பேங்குக்குப் போனால் மைப்பெட்டியை நம்ம பக்கம் தள்ளுவார்கள். கட்டை விரலை உருட்டி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வருவோம். தாளில் என்ன எழுதி இருக்குன்னு கேட்டது கிடையாது. அப்புறம் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், சிலேட்டில் பேரை எழுதி எழுதிப் பழகினோம். நம்ம குழுக்களின் முதல் பாடமே அதுதான். இரண்டாவது பாடம், படிக்காம, இல்லேன்னா படிக்கச் சொல்லிக் கேட்காம, எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. தீர்மானப் புத்தகத்தைக்கூட வாசிச்சுக் காட்டச் சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

இப்ப ஒரு கேள்வி கேட்கிறேன். போனில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்ததும், கீழே ஒரு கட்டம் வந்து மறைக்குது. நிறைய எழுத்து இருக்கு, அடியில கலர் கலரா ஒரு பட்டன் இருக்கு. நீங்க என்ன செய்றீங்க?

(கூட்டத்தில் பலர்: "அமுக்கிருவோம்!")

அதேதான். நானும் அப்படித்தான் அமுக்கிக்கிட்டு இருந்தேன். சகோதரிகளே, அதுவும் கைநாட்டுதான். மை மட்டும் இல்லை. இதைத்தான் இன்னைக்குப் பேசப் போகிறேன்.

எங்கள் குழுவில் நடந்தது

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட சகோதரியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொல்கிறேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் குழுக் கூட்டம் முடிந்ததும் அந்தச் சகோதரி என்னைத் தனியாக் கூப்பிட்டார். மாதக் கணக்கா உதிரப்போக்கு நிற்கவில்லை, ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிவிட்டார், வீட்டில் இன்னும் சொல்லலை, பயமா இருக்குன்னு அழுதார். அரசு ஆஸ்பத்திரியிலும் ஒருமுறை காட்டுங்க, அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். யாரிடமும் மூச்சு விடலை.

ஒரு வாரம் கழித்து அவர் மாமியார் நேரடியா கேட்டிருக்கிறார், "உனக்குக் கர்ப்பப்பையில என்ன கோளாறு, எங்ககிட்ட ஏன் மறைக்கிற?" என்று. இந்தச் சகோதரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்தான் சொல்லி இருக்கணும் என்று முடிவு பண்ணிவிட்டார். ரெண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார். மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார். எல்லார் முன்னாலயும், "இங்க சொன்னது ஊருக்குள்ள போகுது. என் கணக்கை முடிச்சுக் கொடுத்துருங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருஷமா ஒன்றாக உட்கார்ந்த குழு உடையப் பார்த்தது.

அப்போது குழுவிலேயே வயசான அக்கா ஒருத்தர், "மொதல்ல மாமியாருக்கு யார் சொன்னாங்கன்னு கேளு" என்றார். கேட்டால், பேரன் காட்டினானாம். அவன் அம்மா போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போதெல்லாம், "குறைந்த செலவில் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை" என்று ஒரு ஆஸ்பத்திரி விளம்பரம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. "பாட்டி, இது என்ன?" என்று கேட்டிருக்கிறான். பாட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கிரிக்கெட் பார்க்கிற இடத்தில் கர்ப்பப்பை விளம்பரம் எப்படி வந்தது? கல்லூரியில் படிக்கும் ஒரு உறுப்பினர் மகளிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். அந்தச் சகோதரி ராத்திரி தூக்கம் வராமல், இந்த ஆபரேஷனைப் பற்றி நாலைந்து இணையதளங்களில் படித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் கட்டம் வந்திருக்கிறது. எல்லாத்திலும் "ஏற்கிறேன்" என்று அமுக்கி இருக்கிறார். வீட்டில் விஷயம் வெளியே வந்தது அந்த வழியாகத்தான்.

குக்கி என்றால் என்ன?

அந்தக் கட்டத்தில் "குக்கி" என்று ஒரு சொல் வரும். பின்னாடி ஒரு அக்கா "குக்கரா?" என்று கேட்கிறார். குக்கர் இல்லை அக்கா. இங்கிலீஷில் குக்கி என்றால் பிஸ்கட். ஆனால் இது தின்கிற சாமான் இல்லை, சின்னதா ஒரு எழுத்துக் குறிப்பு. 1994-இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியில் வேலை பார்த்த லூ மான்டுலி என்பவர் இணையத்துக்காக உண்டாக்கியது.

எதுக்கு உண்டாக்கினார்? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டை நினைச்சுப் பாருங்க. வண்டியை விட்டால் டோக்கன் தருவார்கள். ஒன்று வண்டியில், ஒன்று நம்ம கையில். சாயங்காலம் வரும்போது அவருக்கு நம்ம முகம் ஞாபகம் இருக்காது. டோக்கனைக் காட்டினால் நம்ம வண்டி எதுன்னு தெரிந்துவிடும். இணையதளத்துக்கும் முகம் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் நாம புது ஆள் மாதிரிதான். அதனால் முதல் தடவை போகும்போதே ஒரு நம்பர் எழுதின டோக்கனை நம்ம போனுக்குள் போட்டு வைக்கிறது. அடுத்த தடவை போனால் அந்த டோக்கனைப் பார்த்து, "ஓ, நேத்து வந்தவங்க" என்று தெரிந்துகொள்கிறது. அந்த டோக்கன்தான் குக்கி.

இதில் தப்பு எதுவும் இல்லை. பேங்கு இணையதளத்தில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிறோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது குக்கியால்தான். சேலை வாங்கப் பையில் போட்டு வைத்தது அப்படியே இருப்பதும், ஒருமுறை தமிழ் என்று தேர்வு செய்தால் அடுத்த முறையும் தமிழில் வருவதும் அதனால்தான். இந்த மாதிரிக் குக்கி நமக்கு வேலை செய்கிறது. அது இருக்கட்டும்.

மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள்

தொந்தரவு வேறு ஒரு குக்கியால். அதை மூன்றாம் தரப்புக் குக்கி என்பார்கள். நாம ஒருவர், நாம போன இணையதளம் ஒருவர். இவங்க ரெண்டு பேரும் இல்லாமல், நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிற விளம்பரக் கம்பெனி மூன்றாவது ஆள்.

சந்தைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையில் ஒரு மூலையில் ஒரு ஆள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். உங்க கையில் ஒரு டோக்கன் கொடுக்கிறார். அடுத்து மருந்துக் கடைக்குப் போறீங்க. அங்கேயும் அதே ஆள். டோக்கனைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். நகைக் கடை, அடகுக் கடை, பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் இடம் எல்லாவற்றிலும் மூலையில் அதே ஆள், அதே நோட்டு. அவருக்கு உங்க பேர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் "இந்த நம்பர் டோக்கன்காரங்க இன்னைக்கு சத்து மாத்திரை விலை கேட்டாங்க, நகையை வைக்க விசாரிச்சாங்க, பொண்ணுக்குக் கல்லூரி தேடுறாங்க" என்று சாயங்காலத்துக்குள் நோட்டு நிறைந்துவிடும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதது எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

அந்த நோட்டை வைத்துத்தான் விளம்பரம் விற்கிறார்கள். நகையை அடகு வைக்க விசாரித்த ஆளுக்குக் கடன் விளம்பரம் காட்டினால் சீக்கிரம் மடங்குவார்கள் என்று கடன் கொடுக்கிறவருக்குத் தெரியும். நமக்குக் கஷ்டம் வந்திருக்கிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கிறதுதான் இந்த வியாபாரம். முன்னாடி கந்துவட்டிக்காரர் தெருவில் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை இப்ப போன் சொல்லிவிடுகிறது.

எங்கள் குழுச் சகோதரிக்கு நடந்ததும் இதுதான். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் டோக்கன் கொடுத்த அதே ஆள், கிரிக்கெட் பக்கத்திலும் மூலையில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் போனில் இருக்கிறது. போனை யார் கையில் வைத்திருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். மகன் பார்த்தாலும் அம்மாவுக்குரிய விளம்பரம்தான் வரும். பணக்கார வீட்டில் ஆளுக்கு ஒரு போன். நம்ம வீட்டில் ஒரு போனை நாலு பேர் பார்க்கிறோம். அதனால் இந்தத் தொந்தரவு அவர்களைவிட நமக்குத்தான் அதிகம்.

இந்த மாதிரி மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஆப்பிள் போனில் உள்ள சஃபாரி 2020-இலேயே தானாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 முதல் பின்தொடரும் குக்கிகளைத் தானாகத் தடுக்கிறது. நம்மில் அதிகம் பேர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் இருப்பது கூகுளின் குரோம். குரோமில் இருந்து இதை நீக்கப் போவதாக 2020-இல் கூகுள் அறிவித்தது. பலமுறை தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆக, குரோம் வைத்திருப்பவர் தன் கையால்தான் தடுக்க வேண்டும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

பளிச்சென்ற பட்டன், மங்கலான பட்டன்

அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ரெண்டு மூன்று வழி இருக்கும். "அக்செப்ட் ஆல்" என்றால் எல்லாத்துக்கும் சம்மதம். "ரிஜெக்ட் ஆல்" என்றால் வேண்டியதைத் தவிர எல்லாம் வேண்டாம். "மேனேஜ்" அல்லது "செட்டிங்ஸ்" என்றால் எது வேணும், எது வேண்டாம் என்று நாமே பார்த்துத் தேர்வு செய்யலாம். சம்மதம் சொல்லும் பட்டன் பெரிசா, கலரா இருக்கும். வேண்டாம் என்பது மங்கலா ஒரு ஓரத்தில் இருக்கும். இது தற்செயல் இல்லை. வேணும்னே செய்வது.

வெளிநாட்டில் இதற்கு அபராதமே போட்டிருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் தனியுரிமையைக் காக்கும் அரசு அமைப்பு, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் என்று அறிவித்தது. என்ன குற்றம்? சம்மதம் சொல்ல ஒரு அமுக்கு போதும், வேண்டாம் என்று சொல்லப் பல அமுக்கு அமுக்க வேண்டி இருந்தது. அவ்வளவுதான். "சரி" சொல்வது எவ்வளவு சுலபமோ, "வேண்டாம்" சொல்வதும் அவ்வளவு சுலபமா இருக்கணும் என்பது அங்கே சட்டம்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நமக்கும் சட்டம் இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு 80 வயசுக்கு மேல். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தரங்கம் என்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் அடிப்படை உரிமை என்று.

அதன்பிறகு 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பேர் பெரிசா இருக்கிறது. நமக்கு வேண்டிய நாலு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நம்ம விவரத்தை வாங்குகிறவர் எதுக்காக வாங்குகிறார் என்று தெளிவாகச் சொல்லி, நம்ம மனப்பூர்வமான சம்மதத்தை வாங்க வேண்டும். 

இரண்டு, அந்த விவரத்தை நம்ம மொழியிலும் படிக்க வழி செய்ய வேண்டும். அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழி இருக்கிறது, தமிழ் அதில் ஒன்று. 

மூன்று, கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதே மாதிரி சுலபமாகத் திரும்ப வாங்கவும் வழி இருக்கணும். 

நான்கு, 18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரத்தை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. கம்பெனிகள் கடைப்பிடிக்க வேண்டிய முக்கியமான பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் முழுசா வரும் வரைக்கும் நம்ம கதவை நாமதான் சாத்திக்கொள்ள வேண்டும். வந்த பிறகும் அப்படித்தான்.

குக்கி வேறு, அனுமதி வேறு

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குக்கி என்பது இணையதளம் போடும் டோக்கன். அது நம்ம போட்டோவை எடுக்காது, போன் நம்பர் பட்டியலைப் படிக்காது, ஓ.டி.பி.யைத் திருடாது. அதையெல்லாம் செய்யக்கூடியது, போனில் நாம ஏற்றி வைக்கிற ஆப், அதாவது செயலி. செயலியைப் பயன்படுத்தும்போது "உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா, போட்டோக்களைப் பார்க்கலாமா, மைக்கைப் பயன்படுத்தலாமா" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அங்கேயும் நாம "சரி, சரி, சரி" என்று கைநாட்டு வைக்கிறோம்.

இதன் விபரீதத்தைக் கடன் செயலிகளில் நாடே பார்த்தது. ஐந்து நிமிஷத்தில் கடன் என்பார்கள். வாங்கியவர் ஒருநாள் தவணை தவறினால் போதும். அவர் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அசிங்கமான செய்தி போகும். போட்டோவை மாற்றி ஒட்டி மிரட்டுவார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த நம்பர்களும் போட்டோவும் எங்கிருந்து கிடைத்தது? வாங்கியவரே கொடுத்த அனுமதியில் இருந்து.

இதைப் பார்த்துத்தான் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிமுறை கொண்டு வந்தது. கடன் செயலி நம்ம போனில் உள்ள தொடர்புகள், அழைப்புப் பட்டியல், போட்டோ, ஃபைல் எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை நம்ம சம்மதத்தோடு, ஆளைச் சரிபார்க்க ஒருமுறை மட்டும் பயன்படுத்தலாம். இந்த விதிகளை 2025-இல் புதுப்பித்தும் இருக்கிறார்கள். ஆகையால் இதை நல்லா மனசில் வையுங்கள். கடன் கொடுக்க வந்த செயலி உங்க நம்பர் பட்டியலைக் கேட்டால், அது விதியை மீறுகிற செயலி. அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். நமக்குக் குழுவில் உள்கடன் இருக்கிறது. அவசரம் என்றால் குழுவில் வாய் திறந்து கேளுங்கள். அதுக்குத்தான் குழு.

இனி என்ன செய்யலாம்?

போனை எடுத்து ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். போனுக்குப் போன் எழுத்து கொஞ்சம் மாறலாம். போன் மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தால் படிக்கச் சுலபம்.

1. கட்டம் வந்தால் அவசரப்பட வேண்டாம். "ரிஜெக்ட் ஆல்" இருந்தால் அதை அமுக்குங்கள். அமுக்கினாலும் பெரும்பாலும் பக்கம் வழக்கம்போல வேலை செய்யும். "அக்செப்ட்" ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தெரியாத இணையதளம் என்றால், திரும்பி வந்துவிடுங்கள். வேறு இடத்தில் அதே விஷயம் கிடைக்கும்.

2. குரோமைத் திறந்து, வலது பக்கம் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். அமைப்புகள், அதற்குள் தனியுரிமையும் பாதுகாப்பும், அதற்குள் மூன்றாம் தரப்புக் குக்கிகள். அங்கே "தடு" என்பதைத் தேர்வு செய்யுங்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போய்விடுவார். ஒருமுறை செய்தால் போதும்.

3. ஏற்கனவே சேர்ந்திருக்கிற டோக்கன்களை மாதம் ஒருமுறை கூட்டித் தள்ளுங்கள். அதே மூன்று புள்ளியில், உலாவிய தரவை நீக்கும் இடம் இருக்கிறது. காலத்தை "எல்லா நேரமும்" என்று வைத்து, குக்கி என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். நீக்கிய பிறகு, முன்னாடி தானாகத் திறந்த இணையதளங்களில் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். அதனால் பாஸ்வேர்டு தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உடம்பு சம்பந்தமாகவோ, வீட்டுப் பிரச்சினை பற்றியோ படிக்க வேண்டி இருந்தால், மூன்று புள்ளியில் "புதிய மறைநிலைத் தாவல்" என்று இருக்கும். அதைத் திறந்து படியுங்கள். மூடியதும் அந்த டோக்கன்களும், எதைப் பார்த்தோம் என்ற வரலாறும் போனில் இருந்து அழிந்துவிடும். ஆனால் மறைநிலை என்றால் யாருக்கும் தெரியாது என்று அர்த்தமில்லை. வீட்டில் அடுத்து போனை எடுப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாம போன இணையதளத்துக்கும், சிம் கம்பெனிக்கும் நாம வந்து போனது தெரியும்.

5. செயலிகள் நம்மைப் பின்தொடர்வது குக்கியை வைத்து இல்லை. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது. போனின் அமைப்புகளில், தனியுரிமைக்குள் "விளம்பரங்கள்" என்ற இடத்தில் அதை நீக்கலாம். பழைய போனாக இருந்தால் மாற்றி அமைக்க மட்டும் முடியும். அதையாவது செய்யுங்கள்.

6. அமைப்புகளில் செயலிகள் என்ற இடத்துக்குப் போய், ஒவ்வொன்றுக்கும் என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கு நம்ம சொந்தக்காரர் நம்பர் எதற்கு? "அனுமதிக்காதே" என்று மாற்றுங்கள்.

7. இ-சேவை மையத்திலோ, கம்ப்யூட்டர் சென்டரிலோ உங்க மெயிலைத் திறந்தால், எழுந்திருக்கும் முன் "லாக் அவுட்" செய்யச் சொல்லி, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் உங்க டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். அடுத்து உட்காருகிறவர் நீங்களாகவே உள்ளே போகலாம்.

8. பழைய போனை விற்றாலோ, எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலோ, சிம்மை மட்டும் எடுத்தால் போதாது. வேண்டிய போட்டோவை வேறு இடத்தில் வைத்துவிட்டு, போனை முழுசா அழித்துக் கொடுங்கள்.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்

இதை எல்லாம் சொன்னால் வீட்டில் கேட்பார்கள், "தப்பு செய்றவங்கதானே மறைக்கணும்? நீ எதுக்கு மறைக்கிற?" என்று. நாம குளிக்கும்போது கதவைச் சாத்துகிறோம். தப்பு செய்வதால் சாத்துகிறோமா? குழுவில் ஒருவர் எவ்வளவு கடன் வாங்கினார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று நாமே விதி வைத்திருக்கிறோம். அது தப்பை மறைக்கவா? ஒருத்தரின் கஷ்டத்தை எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தான். எங்கள் சகோதரியும் வீட்டில் சொல்லத்தான் இருந்தார். அதை அவர் வாயால், அவருக்குத் தைரியம் வந்த நாளில் சொல்லி இருக்க வேண்டும். விளம்பரம் முந்திக்கொண்டது.

அவர் இப்போது நல்லா இருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையிலேயே சரியாகிவிட்டது, ஆபரேஷன் வேண்டி இருக்கவில்லை. குழுவை விட்டும் போகவில்லை. இப்போது எங்கள் குழுவில் புதுசா போன் வாங்கும் யாருக்கும் இந்த அமைப்புகளை மாற்றிக் கொடுப்பது அவர்தான்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாசிக்க, எல்லோரும் போனை எடுத்து இந்த எட்டையும் செய்யுங்கள். "இனி படிக்காமல் போனில் சம்மதம் கொடுக்க மாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

கைநாட்டில் இருந்து கையெழுத்துக்கு வர நமக்கு எத்தனை வருஷம் ஆனது என்று நமக்குத்தான் தெரியும். மறுபடி கைநாட்டுக்குப் போக வேண்டாம்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: குக்கியை அழித்தால் பேங்கில் இருக்கிற பணம் போய்விடுமா?

பதில்: போகாது. பணம் பேங்கில் இருக்கிறது, போனில் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் தொலைந்தால் வண்டி தொலைந்து போகுமா? மறுபடி பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நாம பேசுவதைக் குக்கி கேட்குமா?

பதில்: குக்கிக்குக் காது கிடையாது. மைக் அனுமதி வாங்கிய செயலிக்குத்தான் அது முடியும். பேசத் தேவையில்லாத செயலி எதுக்கும் மைக் அனுமதி கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. எனக்கு இது தேவையா?

பதில்: உங்களுக்காக மகனோ பேத்தியோ அவர்கள் போனில் தேடிப் பார்க்கிறார்கள் இல்லையா? அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அதை வாசிச்சுக் காட்டு, அப்புறம் அமுக்கு" என்று சொல்லுங்கள். பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: ஏற்கனவே ஒரு கடன் செயலிக்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேன். இப்ப மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பயப்படாதீர்கள், தனியா இருக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் போட்டோ எடுத்து வையுங்கள், அதுதான் சாட்சி. அனுமதிகளை நிறுத்திவிட்டுச் செயலியை நீக்குங்கள். ஏற்கனவே எடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, இனிமேல் எடுப்பதை நிறுத்தலாம். பணம் ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மிரட்டலுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் இல்லாத செயலி பக்கமே போக வேண்டாம். முக்கியமாக, குழுவில் சொல்லுங்கள். உங்க நம்பர் பட்டியலில் இருக்கிற எங்களுக்குச் செய்தி வந்தால், உண்மை என்ன என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அப்போது அவர்கள் மிரட்டலுக்கு வேலை இல்லை.